நீட் இயற்பியல்: சூத்திரம் தெரிந்தும் மதிப்பெண் போகும் இடங்கள்

நீட் தேர்வில் இயற்பியலுக்கு 45 கேள்விகள், 180 மதிப்பெண். சரியான விடைக்கு 4 கிடைக்கும், தவறினால் 1 கழியும். 2025 முதல் விருப்பக் கேள்விகளும் இல்லை. மூன்று பாடத்துக்கும் சேர்த்து 180 கேள்விகள், 180 நிமிடங்கள். கால்குலேட்டருக்கு அனுமதியில்லை. தயாரிப்பில் எனக்குத் தெளிவாகப் புரிந்தது இதுதான்: சூத்திரம் தெரியாமல் விடுவதைவிட, தெரிந்த கணக்கைத் தப்பாகப் போட்டு விடுவதே அதிகம்.

அதனால் கைக்கணக்கைத் தினமும் பழகுங்கள். 10-இன் அடுக்குகளை முதலில் ஒதுக்கிச் சேர்த்துவிட்டு, மிச்ச எண்களைச் சுருக்குங்கள். விடைகள் ஒன்றுக்கொன்று தள்ளியிருந்தால் பை வர்க்கத்தை 10 என்றே வைத்துக்கொள்ளலாம். ஒளிமின் விளைவுக் கணக்கில் பிளாங்க் மாறிலியோடு மல்லுக்கட்டவே வேண்டாம். 1240-ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் வந்துவிடும். 400 என்றால் 3.1. வெளியேற்று ஆற்றல் 2.1 என்றால் பெரும இயக்க ஆற்றல் 1.0. அரை நிமிட வேலை.

கேள்வியில் விட்டம் இருக்கும், அவசரத்தில் அதையே ஆரமாகப் போடுவோம். பரப்பு 4 மடங்காகிவிடும். அந்தத் தப்பான விடையும் நான்கில் ஒன்றாக இருந்தால் சந்தேகமே வராது. கொடுத்த எண்களை எழுதும்போதே விட்டமா ஆரமா என்று குறித்து, எஸ்.ஐ. அலகுக்கும் மாற்றி எழுதுவது நல்ல காப்பு.

பாடத்திட்டத்தின் கடைசி அலகான சோதனைத் திறன்களைப் பலர் தொடுவதேயில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் குறைந்த உழைப்பில் மதிப்பெண் தரும் பகுதி இது. திருகு அளவியின் புரியிடைத்தூரம் 0.5 மி.மீ., தலைக்கோலில் 50 பிரிவுகள் என்றால் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. அளவீடு 2.34, சுழிப்பிழை நேர்க்குறியில் 0.03 என்றால் கழித்து 2.31. எதிர்க்குறி என்றால் கூட்ட வேண்டும். மீட்டர் சமனச்சுற்று, ஒத்ததிர்வுக் குழாய், செனார் டையோடு வரைபடம் ஆகியவற்றையும் இதே போல் எண்களோடு போட்டுப் பாருங்கள்.

உயிரியலை 50 நிமிடத்துக்குள் முடித்தால் இயற்பியலுக்கு ஒரு மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும். முதல் சுற்றில் ஒரே சூத்திரத்தில் முடிபவை மட்டும். ஒரு நிமிடம் யோசித்தும் சமன்பாடு அமையவில்லையென்றால் வினாத்தாளில் கேள்வி எண்ணை வட்டமிட்டு நகருங்கள். கடைசிச் சுற்றில் எல்லை நிலையை வைத்து விடைகளை வெட்டலாம்: கப்பியின் இருபுறமும் நிறை சமமானால் முடுக்கம் சுழியாக வேண்டும், அப்படி வராத விடை தப்பு. இரண்டை வெட்டிவிட்டால் மிச்சத்தில் ஊகித்தாலும் சராசரியாக 1.5 மதிப்பெண் லாபம்.

தமிழ் வினாத்தாளில் எழுதுபவர்கள் சொல் குழப்பினால் பக்கத்திலுள்ள ஆங்கில வரியைப் பாருங்கள். மொழிபெயர்ப்பில் முரண் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி.