கொரடாச்சேரியில் திரும்பிய நடை

தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடப்பது எனக்கு நான்காவது வருடம். காவி வேட்டி, தோளில் பை, பைக்குள் நேர்ச்சை மெழுகுவர்த்தி. ஆகஸ்ட் 29 மாலை கொடியேற்றத்துக்குள் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

27ஆம் தேதி இரவு நீடாமங்கலத்தில் தங்கினோம். செபமாலை முடிந்ததும் கூட வந்த பெரியவர் மத்தேயு 5ஆம் அதிகாரம் வாசித்தார். காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், முதலில் போய் அவனோடு சமாதானமாகு என்கிற பகுதி. ‘உனக்கு அவன்மேல்’ என்றில்லை, ‘அவனுக்கு உன்மேல்’. எத்தனை தடவை கேட்டிருப்பேன்! அன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது.

என் தம்பி வீடு கொரடாச்சேரிக்குப் பக்கத்தில். வாய்க்கால் தண்ணீரில் வந்த சண்டை, ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக அவன் மடையை அடைத்தவன் நான்.

மறுநாள் வழியெல்லாம் பேரம் பேசினேன். திருவிழா முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது இறங்கிக்கொள்கிறேன் ஆண்டவரே என்றேன். சிலுவைச் சாவுக்கு முந்தின இரவு கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே இந்தத் துன்பக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும் என்று கேட்டவர்தானே. மனசுக்குப் பிடிக்கவில்லை என்று தந்தையிடம் சொல்லலாம். ஆனால் அவர் சொல்லிவிட்டு எழுந்து போனார். எனக்கு அந்த எழுந்து போவதுதான் வரவில்லை.

கடைசியில் மற்றவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். தம்பி வயலில் குறுவை கதிர் தள்ளியிருந்தது. அவன் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். முகத்தைப் பார்க்காமல் என் காலைப் பார்த்தான்.

“மடைய அடைச்சது நான்தான்டா. தப்புப் பண்ணிட்டேன்.”

பதில் இல்லை. உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீரும் பழைய வேட்டியும் எடுத்து வந்தான். வேட்டியை நீளமாகக் கிழித்து, குதிகால் கொப்புளத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக் கட்டினான். “இறுக்குதாண்ணே?” என்றான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பொழுது சாயக் கிளம்பினேன்.

வேளாங்கண்ணி நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமான பையனை, நாகப்பட்டினம் போய்ச் சொல் என்று மாதா அனுப்பியதாகப் பரம்பரையாகச் சொல்வார்கள். நடக்க முடியாதவனிடம் போ என்று சொன்னார், அவனும் போனான். வழி நெடுக அந்தப் பையனையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

நான் போய்ச் சேரும்போது 29ஆம் தேதி இரவு ஒன்பது மணி. கொடி ஏறி, கடல் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு மணலில் உட்கார்ந்து, தம்பி போட்ட முடிச்சை அவிழ்க்க மனசில்லாமல் அப்படியே விட்டுவிட்டேன்.