முடியும் தேதி இல்லாத வரி

போன வாரம் அக்கா வாட்ஸ்அப்பில் வீட்டு வரி ரசீதை அனுப்பியிருந்தாள். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நகராட்சியில் எங்கள் பழைய வீடு, 900 சதுர அடி. அரையாண்டுக்கு 1,240 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தோம், 2022-இல் அது 1,860 ஆனது. அம்மா அங்கே இருக்கிறார், அதனால் சிங்கப்பூரிலிருந்து நான்தான் கட்டுகிறேன். பெரிய தொகை இல்லைதான். ஆனால் ரசீதுக்குக் கீழே அக்கா கேட்டிருந்த ஒரு கேள்வி மனதை விட்டுப் போகவே இல்லை: "கொரோனாவுக்காக ஏத்தினாங்கன்னா, கொரோனா போனதும் இறங்கணும்ல தம்பி?"

பதிலைக் குறுஞ்செய்தியில் எழுத முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஒரு நெருக்கடி வந்தால் மாநில அரசுக்குத்தான் முதல் அடி. கடை மூடினால் விற்பனை வரி நிற்கிறது, நிலம் வாங்க ஆளில்லை என்றால் பத்திரப்பதிவு வருமானம் நிற்கிறது. ஆனால் ஆசிரியர் சம்பளம், ரேஷன் அரிசி, அரசு மருத்துவமனை எதுவும் நிற்க முடியாது, மருத்துவமனைச் செலவு கூடத்தான் செய்யும். மத்திய அரசு பெரிய அளவில் கடன் வாங்கிச் சமாளிக்கலாம். மாநிலத்துக்கு அப்படி இல்லை, மாநில உற்பத்தியில் வழக்கமாக 3 சதவீதம் வரைதான் கடன் வாங்கலாம். 2020 மே மாதம் அதை 5 சதவீதமாக உயர்த்தினார்கள், ஆனால் கூடுதலாகக் கொடுத்ததில் ஒரு பகுதிக்கு மின்வாரியத்தைச் சீர்திருத்து, உள்ளாட்சி வருமானத்தைக் கூட்டு என்று நிபந்தனைகள்.

சரி, கடனுக்கு வரம்பு இருக்கிறது, வரியையாவது போடலாமா என்றால் அங்கேயும் வாசல் குறுகல். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு பெரும்பாலான பொருள்களின் வரி விகிதத்தை ஒரு மாநிலம் தன்னிச்சையாக மாற்ற முடியாது. கையில் மிச்சம் இருப்பது பெட்ரோல், டீசல், மது, பத்திரப்பதிவு, வண்டி வரி, அப்புறம் உள்ளாட்சிகள் வழியாக வீட்டு வரி. எந்தக் கட்சி ஆண்டாலும் பணம் வேண்டுமென்றால் இந்த நாலைந்து இடத்தில்தான் கை வைக்க வேண்டும். அந்த நாலைந்தும் நம் அன்றாட வாழ்க்கையில் இருக்கிறவை.

2020 மே மாதத்தை நான் மறக்கவில்லை. இங்கே நோய்ப்பரவல் முறியடிப்புக் காலம், வீட்டை விட்டு வெளியே போக முடியாது, எனக்கு ஓவர்டைம் நின்றுபோயிருந்தது. ஊரில் அத்தான் குட்டியானை ஓட்டுகிறார், காய்கறி லோடு. ஊரடங்கில் பாதி நாள் வண்டி ஓடவில்லை, தவணை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாதத்தின் முதல் வாரத்தில் தமிழ்நாடு அரசு பெட்ரோலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் 25 காசும் டீசலுக்கு 2 ரூபாய் 50 காசும் ஏற்றியது. அதே வாரத்தில் மத்திய அரசும் கலால் வரியைப் பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் கூட்டியது. கச்சா எண்ணெய் விலை அப்போது தரையில் கிடந்ததால் இந்த இரண்டாவது ஏற்றம் பங்க்கில் உடனே தெரியவில்லை, இறங்கியிருக்க வேண்டிய விலை இறங்காமல் போனது, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத வரி என்றால் எனக்கு ஞாபகம் வருவது இதுதான். டெல்லி அரசோ மதுவுக்கு 70 சதவீதம் "சிறப்புக் கொரோனா கட்டணம்" போட்டது, ஒரு மாதத்தைக் கொஞ்சம் தாண்டி ஜூனில் அதை எடுத்துவிட்டு வாட் வரியை 20-லிருந்து 25 சதவீதமாக்கியது. கொரோனா என்று பெயர் வைத்த வரி போய்விட்டது, பெயர் இல்லாத வரி தங்கிவிட்டது.

அக்கா கேட்ட வீட்டு வரிக்கு வருகிறேன். அது நேரடியாகக் கொரோனா வரி இல்லை. சென்னையில் 1998-க்குப் பிறகும், மற்ற ஊர்களில் 2008-க்குப் பிறகும் வரி உயரவே இல்லை என்று அரசு சொன்னது. 2018-இல் ஒரு முறை உயர்த்தி, எதிர்ப்பு வந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் 15-ஆவது நிதி ஆணையம், நகராட்சிகளுக்கு மத்திய மானியம் வேண்டுமென்றால் குறைந்தபட்சச் சொத்து வரியை அறிவிக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. கையில் காசில்லாத நேரத்தில் எந்த அரசு மானியத்தை விடும்? 2022 ஏப்ரலில் உயர்த்திவிட்டார்கள், எங்களைப் போல 600 முதல் 1,200 சதுர அடி வரை இருந்தால், சென்னைக்கு வெளியே பெரும்பாலான ஊர்களில், 50 சதவீதம். பல வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருக்க வேண்டியதை மொத்தமாக, அதுவும் மக்கள் எழுந்து நிற்கவே தடுமாறிக்கொண்டிருந்த வருடத்தில் ஏற்றியதுதான் எனக்கு வலிக்கிறது. உள்ளாட்சிக்கு வருமானம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, சாக்கடையும் தெருவிளக்கும் காசில்லாமல் வராது.

சிங்கப்பூரில் மாநிலம் என்று தனியாக இல்லை, ஒரே அரசுதான். ஆனால் இங்கே கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2009 உலக நிதி நெருக்கடியில் அதிபர் எஸ்.ஆர்.நாதன் ஒப்புதலோடு 4.9 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை கடந்தகால இருப்பிலிருந்து, அதாவது முந்தைய அரசுகள் சேர்த்து வைத்ததிலிருந்து, எடுக்க முடிவானது, ஏறத்தாழ 4 பில்லியன் செலவானது, 2011-இல் அதைத் திரும்பவும் போட்டுவிட்டார்கள். கொரோனாவின்போது மூன்று நிதியாண்டுகளில் 40 பில்லியன் அளவுக்கு எடுத்தார்கள். சேமிப்பு இருந்ததால் நெருக்கடி நடுவில் மக்கள் பையில் கை விட வேண்டிய அவசியம் வரவில்லை. பொருள் சேவை வரி 7-லிருந்து 9 சதவீதமாகும் என்று 2018-லேயே சொல்லிவிட்டார்கள், கொரோனா வந்ததும் 2021-இல் ஏற்றமில்லை என்றார்கள், 2023-இல் 8, 2024-இல் 9 என்று இரண்டு படியாக ஏற்றினார்கள்.

இதற்காக எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். 1994-இல் 3 சதவீதத்தில் தொடங்கிய அந்த வரி 4, 5, 7, 8, 9 என்று ஏறியதே தவிர ஒரு முறையும் இறங்கவில்லை. குடிமக்கள் குடும்பங்களுக்குக் கடைகளில் செலவழிக்கச் சிடிசி பற்றுச்சீட்டும் ரொக்கமும் கிடைக்கின்றன. ஆனால் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் அரிசியும் சோப்பும் டாப்-அப் அட்டையும் வாங்குகிற, ஊரிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளி அதே 9 சதவீதத்தைக் கட்டுகிறார், அவருக்குப் பற்றுச்சீட்டு கிடையாது. அவர் அனுப்பும் பணத்தில் ஊரில் பெட்ரோல் போடுகிறார்கள், வீட்டு வரி கட்டுகிறார்கள். இரண்டு அரசுகளின் நெருக்கடியையும் ஒரே சம்பளம் தாங்குகிறது. இதை யாராவது உரக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

போட்ட வரியை இறக்கியவர்கள் உண்டா என்று தேடியபோதுதான் அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் கண்ணில் பட்டது. அமெரிக்காவில் வெர்மான்ட் தவிர மற்ற 49 மாநிலங்களுக்கும் ஏதோ ஒரு வகையில் வரவும் செலவும் சமமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் உண்டு, அதனால் 2008 சரிவுக்குப் பிறகு பல மாநிலங்கள் வரியை ஏற்றின. அரிசோனா 2010-இல் சட்டமன்றக் கட்டடங்களையே விற்றுவிட்டு, அதிலேயே வாடகைக்கு இருக்கிற நிலைக்குப் போனது. அதே வருடம் மே மாதம் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி விற்பனை வரியை 5.6-லிருந்து 6.6 சதவீதமாக்கினார்கள், மூன்று வருடத்துக்கு மட்டும், மூன்றில் இரண்டு பங்கு கல்விக்கு என்று எழுதி வைத்து. 2012-இல் அதை நிரந்தரமாக்கக் கேட்டபோது மக்கள் மறுத்துவிட்டார்கள். 2013 மே 31-ஆம் தேதியோடு முடிந்தது. இல்லினாய் மாநிலமும் 2011-இல் தற்காலிகம் என்றுதான் வருமான வரியை 3-லிருந்து 5 சதவீதமாக்கியது. 2015-இல் 3.75 ஆனது, 2017-இல் திரும்பவும் 4.95. தேதி எழுதியிருந்தாலும் ஏமாற்றம் வரலாம்தான், ஆனால் எழுதியிருந்தால் ஒவ்வொரு முறையும் மக்கள் முன்னால் வந்து நின்று மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது. எனக்கு வேண்டியது அதுதான். நெருக்கடியில் வரி போடுங்கள், எவ்வளவு, எதற்கு, எந்தத் தேதி வரை என்று அரசாணையிலேயே எழுதிப் போடுங்கள்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு நிதியமைச்சர் வெள்ளை அறிக்கை வெளியிட்டு, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருக்கிறது என்றார். கணக்கை இப்படித் திறந்து வைத்ததை நான் மதிக்கிறேன். நாலு நாள் கழித்து வந்த பட்ஜெட்டில் பெட்ரோல் வரியை 3 ரூபாய் குறைத்தார்கள், பைக்கில் வேலைக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்றார்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அத்தானைத் தவிர.

நேற்று இதையெல்லாம் அக்காவிடம் போனில் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் போல, பின்னாலிருந்து அத்தான் குரல்: "மாப்ள, பெட்ரோலுக்கு மூணு ரூபா குறைச்சாங்க சரி, என் டீசலுக்கு ஏத்துன ரெண்டரை ரூபாயை ஏன் அன்னிக்குத் தொடல?"