கமிட் ஆன பிறகும் போகாத சிவப்புக் குறி

கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் நிரலான டார்ட்டாய்ஸ் எஸ்விஎன்-னில் கமிட் செய்வது, அதாவது மாற்றங்களைச் சர்வரில் சேர்ப்பது, பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒழுங்காக முடிந்தது, அந்தக் கமிட்டுக்கான ரிவிஷன் எண்ணும் வந்தது. வராமல் அடம்பிடித்தது பச்சை டிக்தான். கோப்புகளின் மேல், கமிட் ஆகாத மாற்றம் இருக்கிறது என்று காட்டும் பழைய சிவப்பு ஆச்சரியக்குறி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குறியால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

மேலாளர் சனிக்கிழமை இரவு போன் செய்தார். "என்னம்மா, எல்லாம் கமிட் ஆகிவிட்டது என்றீர்கள், இங்கே சிவப்பாக இருக்கிறதே?"

"லாகைத் திறந்து பாருங்கள் சார், என் பெயரில் இருக்கும்."

லாக் என்பது கமிட்டுகளின் பதிவேடு. அவர் அதைத் திறக்கவில்லை. கண்ணெதிரே சிவப்பு இருக்கும்போது லாக் எதற்கு என்பது அவர் கட்சி. சர்வரை அலுவலகத்துக்கு வெளியிலிருந்து தொட முடியாது. ஆகவே கடலூரில் பஸ் ஏறி, புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுச் சந்தைக் கூட்டத்தை முண்டியடித்துக் கடந்து அலுவலகம் போய்ச் சேர்ந்தேன்.

கோப்புறையில் வலது க்ளிக் செய்து 'செக் ஃபார் மாடிஃபிகேஷன்ஸ்' பார்த்தேன். பட்டியல் காலி. மாற்றம் எதுவும் மிச்சமில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். ஐகானை விட்டுவிட்டு இதைத்தான் நம்ப வேண்டும். சிஸ்டம் நிர்வாகியைப் போனில் கேட்டால், "நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள்" என்றார். எந்தக் கோளாறுக்கும் அவரிடம் இந்த ஒரே கஷாயம்தான். நிறுவி, கணினியை அணைத்துப் போட்டும் சிவப்பு அசையவில்லை.

ஐகான்களுக்கான நிலவரத்தை டிஎஸ்விஎன்கேச் என்ற தனி நிரல் பின்னணியில் சேமித்து வைத்துக்கொள்கிறது. கோப்புகளைக் காட்டும் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் அதைக் கேட்டுத்தான் குறியை வரைகிறது. அந்த நிரல் பழைய கணக்கிலேயே நின்றுவிட்டால் நமக்கும் பழைய ஐகான்தான். எஃப்5-க்கு மசியாவிட்டால், டார்ட்டாய்ஸ் எஸ்விஎன்-னின் கிளீன் அப் பெட்டியில் 'ரெஃப்ரெஷ் ஷெல் ஓவர்லேஸ்' என்பதை டிக் செய்து ஓட்டுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் டாஸ்க் மேனேஜரில் டிஎஸ்விஎன்கேச்சை முடித்துவிடுங்கள். பயம் வேண்டாம், தேவைப்படும்போது தானே எழுந்துகொள்ளும்.

முடித்தேன். டி டிரைவில் எல்லாம் பச்சை. ஆனால் மேலாளர் பார்ப்பது டபிள்யூ டிரைவ். அங்கே இன்னும் சிவப்பு! ஒரே கோப்புறைதான். நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே யாரோ சப்ஸ்ட் கட்டளையால் அதற்கு டபிள்யூ என்று இன்னொரு பெயர் சூட்டி வைத்திருக்கிறார்கள், பாதை சுருக்கமாக இருக்கட்டும் என்று. ஒரே இடத்துக்கு இரண்டு பாதை இருந்தால் டிஎஸ்விஎன்கேச் ஒன்றைத்தான் சரியாகக் கவனிக்கும். டார்ட்டாய்ஸ் எஸ்விஎன் செட்டிங்ஸில் ஐகான் ஓவர்லேஸ் பக்கத்தில், கவனிக்க வேண்டாத பாதைகளை எழுத 'எக்ஸ்க்ளூட் பாத்ஸ்' பெட்டி இருக்கிறது. அதில் டி டிரைவின் அசல் பாதையை எழுதி, டிஎஸ்விஎன்கேச்சை இன்னொரு முறை முடித்தேன். டபிள்யூ முழுக்கப் பச்சை. காலியான அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டேன்.

ஐகான் தப்பாகத் தெரிவது வேறு, தெரியாமலே போவது வேறு. பின்னதற்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. ஐகான் மேல் ஒட்டும் குறிகளுக்கு விண்டோஸ் தருவதே 15 இடம்; அதிலும் சிலவற்றைத் தானே எடுத்துக்கொள்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இந்தக் குறிகளின் பெயர்கள் அகரவரிசையில் இருக்கும், முன்னால் இருப்பவருக்கே இடம். கிளவுட் சேமிப்பு நிரல்கள் சில தங்கள் பெயருக்கு முன்னால் வெற்றிடம் சேர்த்து வரிசையின் தலைக்குப் போய்விடுகின்றன. கெட்டிக்காரர்கள்! நெட்வொர்க் டிரைவில் ஐகானே இல்லை என்றால் அதே ஐகான் ஓவர்லேஸ் பக்கத்தில் டிரைவ் வகைகளைப் பாருங்கள். இயல்பாக அங்கே நெட்வொர்க் டிக் செய்யப்பட்டிருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு ஈடுசெய் விடுப்பு கேட்டிருக்கிறேன். "பார்க்கலாம்" என்றார் மேலாளர்.