வடக்கே தலைவைத்துப் படுத்திருக்கிறார்கள்: தில்லியில் ஒரு கல்லறைச் சுற்று

முதலில் அந்த ஆட்டோக்காரரைப் பற்றிக் கொட்டித் தீர்த்துவிடுகிறேன், இல்லையென்றால் மற்றதை எழுத மனம் வராது. ஜன்பத்தில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்திலிருந்து ஹுமாயூன் கல்லறைக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான். மீட்டர் போடச் சொன்னால் "மீட்டர் கராப்" என்றார், பழுதாம். கேட்டது 350, பேரம் பேசி 250க்கு ஏறி உட்கார்ந்தால், பாதி வழியில் சுற்றிக்கொண்டு போகணும், இன்னும் ஐம்பது கொடு என்கிறார். என் இந்தி "நஹி பையா"வைத் தாண்டாது என்பது அவருக்கு முதல் நிமிடத்திலேயே புரிந்துவிட்டது. அன்றைக்கு இரண்டு இடத்துக்கும் சேர்த்து நுழைவுச்சீட்டுக்கு நூறு ரூபாய்கூட ஆகவில்லை, போய்ச் சேரத்தான் இந்தக் கொள்ளை.

ஒரு கல்யாணத்துக்காகப் போயிருந்தேன், தங்கல் ஆர்.கே.புரத்தில் சித்தி வீட்டில். "கல்யாணத்துக்கு வந்த இடத்துல எலும்புக்கூட்டைப் பார்க்கப் போறேங்கிறியே, உனக்கு வேற இடமே கிடைக்கலையா? சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போயேன்" என்றார் சித்தி. மார்க்கெட்டுக்குப் போனால் பட்ஜெட் பணால், எலும்புக்கூடு மலிவு.

அருங்காட்சியகத்தின் ஹரப்பா கூடத்தில் கூட்டமெல்லாம் அந்த நடனமாடும் பெண் சிலையின் முன்னால்தான். பத்தரை சென்டிமீட்டர்தான் இருக்கும், புகைப்படத்தில் பார்த்துவிட்டுப் போனால் இவ்வளவு குட்டியா என்று இருக்கும். எனக்கு அதைவிட ராகிகடியில் தோண்டி எடுத்த பெண்ணின் எலும்புக்கூடுதான் பெரிய விஷயம். ஹரியானாவின் ஹிசார் மாவட்டத்து ஊர் அது. மல்லாந்து படுத்திருக்கிறாள், தலைமாட்டில் பானைகள், இடது கையில் சங்கு வளையல்கள் அப்படியே எலும்பைச் சுற்றிக் கிடக்கின்றன. நாலாயிரம் வருஷத்துக்கும் மேலாகக் கழற்றாத வளையல். கண்ணாடிக்குக் கிட்டே குனிந்து பார்த்தால் வளையலின் விளிம்பு தேய்ந்திருப்பதுகூடத் தெரிகிறது.

ஹரப்பா காலத்துப் புதைகுழிகளில் பெரும்பாலும் தலை வடக்கே, கால் தெற்கே. எங்கள் வீட்டிலோ "வடக்கே தலைவைத்துப் படுக்காதே" என்று அம்மா இன்றைக்கும் பாயைத் திருப்பிப் போடுவார். அப்புறம் கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் என்று பள்ளியில் படித்தோமே, வடக்கிருந்து உயிர்விட்டவர்கள். சாவுக்கும் வடக்குக்கும் இப்படி ஒரு பழைய ஒட்டுதல் இருப்பது அந்தக் கூடத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

கூடவே ஹரப்பாவில் 'எச்' என்று பெயரிட்ட இடுகாட்டின் தாழி, அதாவது இறந்தவரின் எலும்புகளை வைத்துப் புதைத்த பெரிய மண்பானை, ஒன்றும் இருக்கிறது, நகரங்கள் சரிந்த பிறகான காலத்தது. இந்த வகைத் தாழிகளில் சிலவற்றில் மயில் வரைந்திருக்கும், அந்த மயிலின் வயிற்றுக்குள் ஒரு சின்ன மனித உருவம். அந்த இடுகாட்டைத் தோண்டிய தொல்லியலாளர் மாதோ சரூப் வத்ஸ், மயில் இறந்தவரின் உயிரைச் சுமந்துபோகிறது என்று விளக்கம் சொன்னார். ஆதிச்சநல்லூர் தாழிகளைப் பார்த்து வளர்ந்த நமக்குத் தாழி புதிதில்லை. ஆனால் ஆற்றங்கரை மேட்டில் கால்வைத்த இடமெல்லாம் தாழி கிடந்த அந்த ஊரைப் பற்றி எத்தனை தில்லிக்காரர்களுக்குத் தெரியும் என்று ஒரு எரிச்சல் வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

நடுவில் நிஜாமுதீன் சந்துக்குள் நுழைந்து சாப்பிட்டேன். தர்காவுக்குப் போகும் வழியில், கரியடுப்பில் கம்பியோடு சுட்டுத்தரும் எருமைக்கறி சீக் கபாப், கைக்குட்டை மாதிரி மெல்லிசான ரூமாலி ரொட்டி, பச்சை சட்னி, நறுக்கிய வெங்காயம். விரலில் எண்ணெய் சொட்டச் சொட்டத் தின்றுவிட்டு இன்னொரு தட்டு வாங்கியும் இருநூறைத் தொடவில்லை. தில்லிப் பயணத்தில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

முகலாயப் பேரரசர் ஹுமாயூன் 1556இல் புராணா கிலா என்ற பழைய கோட்டையில் மாடிப்படியிலிருந்து விழுந்து இறந்தவர். கல்லறையை எழுப்பியது மனைவி பேகா பேகம். நான்கு பகுதியாக நீர் ஓடும் தோட்டம் சொர்க்கத்தின் சாயல் என்பார்கள், வெயிலில் நடக்கிறவனுக்கு அப்படியொன்றும் தோன்றாது. மேலே நாம் பார்க்கும் சமாதி வெறும் அடையாளம், உடல் அதற்கு நேர் கீழே நிலவறையில். இங்கேயும் தலை வடக்கேதான்! ஆனால் காரணம் வேறு. இறந்தவரின் முகம் மெக்கா இருக்கும் மேற்குப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், இந்தியாவில் வலப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தால் தலை வடக்கே வந்துவிடும். மேற்குச் சுவரின் சலவைக்கல் ஜாலியிலும், அதாவது துளையிட்ட கல்தட்டியிலும், மிஹ்ராப் (மசூதியில் தொழுகைத் திசையைக் காட்டும் மாடம்) வடிவம் செதுக்கியிருக்கிறார்கள். முகப்பில் ஆறுமுனை நட்சத்திரம். பக்கத்தில் நின்ற ஒரு தமிழ்க் குடும்பத்துப் பாட்டி "முருகன் சக்கரம் இங்க எப்படிடா வந்துச்சு?" என்று பேரனைக் கேட்டார், எனக்கும் அதேதான் தோன்றியது.

மேல்தளத்தில் வரிசையாகக் கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர் இல்லை. ஆணுடையதென்றால் மேலே பேனாப்பெட்டி மாதிரி ஒரு மேடு, பெண்ணுடையதென்றால் தட்டையான பலகை வடிவம். 1659இல் அவுரங்கசீப் கொல்லவைத்த அண்ணன் தாரா ஷிகோவும் இந்த வளாகத்தில்தான் புதைக்கப்பட்டார். அவர் கல்லறை எது என்று கண்டுபிடிக்க 2020இல் மத்திய அரசு 7 பேர் குழுவே அமைத்தது. அங்கே திரிந்த ஒரு கைடு, நூறு ரூபாய் கொடுத்தால் இப்போதே காட்டுகிறேன் என்றார். ஐம்பதுக்கு வருவாரா என்று கேட்டேன், வந்திருப்பார், அதற்குள் காவலாளி விசில் ஊதிவிட்டார்.