சந்தைக்குப் போன இரண்டு கன்றுகள்

சென்னையிலிருந்து இரவு பஸ்ஸில் கிளம்பினால் விடிவதற்குள் மதுரை மாட்டுத்தாவணியில் இறக்கிவிடுவார்கள். தாவணி என்றால் மாடுகளை வரிசையாகப் பிணைக்கும் நீண்ட கயிறு. மாட்டுச் சந்தைக்கும் அதுவே பெயரானது. அந்தப் பெயரைச் சொல்லி எத்தனையோ முறை டிக்கெட் வாங்கியிருக்கிறேன். மாடு விற்பதற்கென்றே ஊருக்குப் போனது இந்த முறைதான். பாலமேட்டுப் பக்கம் இருக்கும் மாமா இரண்டு காளைக்கன்றுகளைச் சந்தைக்குக் கொண்டுபோவதாகச் சொன்னதும் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் அதிகாலை நான்கரை மணிக்குக் ‘குட்டி யானை’ வண்டி வாசலுக்கு வந்தது. ஒரு கன்று புலிக்குளம் இனம், மயிலை என்னும் சாம்பல் நிறம். வயல்களில் மாட்டுக் கிடை போடும் கிடைமாட்டுக்காரர் ஒருவரிடம் மாமா வாங்கிய பசு ஈன்றது. மற்றது ஜெர்சிக் கலப்பு. இரண்டுக்கும் ஐந்து மாதம். மயிலை காலை ஊன்றிக்கொண்டு ஏற மறுத்தது. மூன்று பேர் தூக்கி ஏற்றினோம். ஜெர்சி, கூப்பிட்டவர் பின்னால் வந்து நின்றது. வாடிப்பட்டிச் சாலையில் போகும்போது வலப்பக்கம் சிறுமலை மெல்லத் துலங்கியது.

நாங்கள் சேர்ந்தபோது சந்தை நிறைந்திருந்தது. சாணமும் வைக்கோலும் டீக்கடைப் புகையும் கலந்த வாசனை. ஏலம் கூவுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். இங்கே ஏலத்துக்குப் போவது சந்தைச் சுங்கம் வசூலிக்கும் குத்தகைதான்; மாட்டின் விலை சத்தமில்லாமல் துண்டுக்குள் முடிகிறது. தரகர் மாமாவின் கையைப் பிடித்துத் துண்டால் மூடினார். விரல்களை அழுத்தினார். மாமா தலையை ஆட்டினார். ஒரு விரல் ஆயிரமா, பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்ததுமே இருவருக்கும் தெரியும். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. எடைமேடை எதுவும் இல்லை, கண்தான் தராசு.

மயிலையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. இன்னும் நிலைப்பல் போடாத கன்று என்பதால் வயதறிய வாயைப் பார்க்க வேலையில்லை. திமிலைத் தடவினார்கள், நெற்றியில் சுழி தேடினார்கள், ஓர் இளைஞன் பின்னால் போய்க் கைதட்டி அது எப்படித் திரும்புகிறது என்று பார்த்தான். எல்லார் மனத்திலும் வாடிவாசல்தான். “2014-இல் ஜல்லிக்கட்டுக்குத் தடை வந்ததும் இதே மாதிரிக் கன்றைக் கேட்க நாதியில்லை, மாப்பிள்ளை” என்றார் மாமா. “2017 தை மாதம் சட்டம் வந்த பிறகுதான் மறுபடி விலை பிடித்தது.” பதினெட்டாயிரத்துக்கு மயிலை கைமாறியது.

ஜெர்சிக்கு வருவோம். என்னை மிகவும் வருத்திய கதை இதுதான். காலை பத்து மணிவரை அதை ஒருவர்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. வண்டி இழுக்கவும் திமில் இல்லாத இந்தக் கலப்புக் காளையை யாரும் தேடுவதில்லை. இறைச்சி விலைதான் அதன் விலை. அதற்கும் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்று சான்று பெற்ற மாட்டையோ, நிரந்தரமாக முடமான மாட்டையோதான் தமிழ்நாட்டில் வெட்டலாம். ஆகவே கன்றை வாங்குகிறவர் வளர்த்தாக வேண்டும், இல்லையென்றால் கைமாற்றிவிட வேண்டும். கேரளத்து வியாபாரிகள் அதிகம் வரும் வாரத்தில் விலை ஏறும். மழை பொய்த்து வைக்கோல் விலை கூடினால், எல்லாரும் ஒரே நேரத்தில் மாட்டை ஓட்டிவர, விலை சரியும்.

சட்டம் மாறினாலும் சரியும். 2017 மே 23-இல் சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்க மத்திய அரசு தடை விதித்தது. ஒரே வாரத்தில், மே 30-இல், மதுரையிலேயே இருக்கும் உயர் நீதிமன்றக் கிளை அதை நிறுத்திவைத்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த நிறுத்தத்தை நாடு முழுமைக்கும் நீட்டித்தது. அந்த உத்தரவுகள் வந்த பிறகும் வெளியூர் வியாபாரிகள் பயந்து பல வாரம் வரவில்லை என்று தரகர் சொன்னார்.

கடைசியில் ஒருவர் வந்தார். 4,200 ரூபாய். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நின்றார். நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். முதல் இரண்டு மாதம் தினமும் இரண்டு லிட்டர் பால் குடித்த கன்று அது. 2023 டிசம்பரில் ஆவின் உயர்த்திய 38 ரூபாய்க் கொள்முதல் விலைப்படி ஒரு நாளைக்கு 76 ரூபாய். அறுபது நாளைக்கு 4,560. குடித்த பாலின் விலைகூட வரவில்லை. புல்லும் தவிடும் மூன்று மாத உழைப்பும் கணக்கிலேயே சேரவில்லை. பால் விலைக்காகப் போராடுகிறோம். அந்தப் பாலோடு பிறக்கும் ஆண் கன்றுக்கு என்ன வழி என்று யாரும் கேட்பதில்லை. இது அநியாயம்.

“எந்த ஊருக்குப் போகிறது?” என்று மட்டும் கேட்டார் மாமா. “வளர்ப்புக்குத்தான், அண்ணே” என்றார் வந்தவர், ஊரைச் சொல்லாமல். மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை எங்கள் பக்கம். வாங்கியவர் தன் புதுக் கயிற்றைக் கட்டினார். மாமா பழைய கயிறு இரண்டையும் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் கால்நடை மருந்தகத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். நூற்றுக்குத் தொண்ணூறு பெண் கன்றாகவே பிறக்கும் சினை ஊசி இருக்கிறதாமே, அது எப்போது கிடைக்கும் என்று கேட்டு, தேதியைச் சந்தை ரசீதின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்.