கரணங்களுக்கு அசைவு தந்தவர்

வழுவூர் இராமையா பிள்ளையிடம் பரதம் பயின்ற பத்மா சுப்ரமணியம் அவர்கள், புகழ்பெற்ற நர்த்தகியாக மட்டும் நின்றுவிடாமல், இசையில் இளங்கலையும் இன இசையியலில் முதுகலையும் முடித்து, நாட்டிய சாஸ்திரம் கூறும் 108 கரணங்களை (கையும் காலும் உடலும் இணைந்து இயங்கும் அடிப்படை ஆடற்கூறுகளை)த் தம் முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். தஞ்சைப் பெரிய கோயிலிலும் (அங்கே 81 மட்டுமே செதுக்கி முடிக்கப்பட்டுள்ளன) சிதம்பரம் கோபுரங்களிலும் நாம் அசையாத நிலைகளாகவே பார்த்துப் பழகிய அச்சிற்பங்கள் ஒவ்வொன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அசைவின் ஒரு கணம்தான் என்று எழுதியதோடு நில்லாமல், அதை ஆடியும் காட்டினார். அவர் பணியில் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது இதுவே. 2024இல் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டபோது மனம் நிறைந்தது. மகாராஷ்டிரத்தின் சாத்தாராவில் உள்ள உத்தர சிதம்பரம் நடராசர் கோயிலில், அவர் வடிவமைத்துத் தந்த கரணங்கள் இன்று கல்லில் நிற்கின்றன.