'சொந்தக் காரணம்' என்று கையெழுத்து வைக்காதீர்கள்: புனித பூமிப் பயணக் காசைத் திருப்பி எடுத்த அனுபவம்

அம்மாவின் புனித பூமிப் பயணத்துக்குக் கட்டிய காசு ஒருவழியாக வந்துவிட்டது. முழுவதும் இல்லை, பெரும்பகுதி. எங்கள் குழுவில் பெயர் கொடுத்த பலருக்கு இன்னும் ஒரு சதமும் வரவில்லை. "நீங்கள் எப்படி எடுத்தீர்கள்?" என்று கேட்டு அவர்களில் சிலர் வீட்டுக்கு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் எழுதியே வைக்கிறேன்.

2023 நவம்பர் நடுப்பகுதியில் புறப்படுவதாக இருந்தது. ஜோர்தானில் இறங்கி நேபோ மலை, பெத்ரா பார்த்து, ஜோர்தான் ஆற்றுப் பாலம் கடந்து எரிகோ, பெத்லகேம், எருசலேம், நாசரேத்து, கலிலேயா. பிறகு தாபா எல்லை வழியாக எகிப்துக்குள் போய், சீனாய் மலை, கெய்ரோ. அம்மாவும் பெரியம்மாவும் சேர்ந்தே பெயர் கொடுத்தார்கள். தலைக்கு ஐந்து லட்சத்துக்கு மேல். அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை, பெரியம்மா தையல்காரி. எத்தனை வருடச் சேமிப்பு என்று நான் சொல்லத் தேவையில்லை. காசை எங்கள் கோயில் பங்கில் குழுவை ஒழுங்கு செய்த அக்காவிடம் தவணை தவணையாகக் கொடுத்தார்கள். அவர் கொழும்பில் இருக்கும் பயண நிறுவனத்துக்கு அனுப்பினார். மட்டக்களப்பில் எல்லாக் குழுக்களும் இப்படித்தான் நடக்கின்றன.

அக்டோபர் 7 சனிக்கிழமை. ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கியது, போர் தொடங்கியது. அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். அன்று இஸ்ரேலில் இறந்தவர்களில் வேலைக்குப் போன இலங்கையர் இருவரும் இருந்தார்கள். மறுநாளே எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பொலிஸ்காரர் ஒருவர் இஸ்ரேலியச் சுற்றுலாப் பயணிகள் இருவரையும் எகிப்திய வழிகாட்டி ஒருவரையும் சுட்டுக் கொன்றார். விமான நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக டெல் அவிவ் சேவையை நிறுத்தின. அந்தக் கிழமையே, அக்டோபர் இரண்டாம் கிழமையிலேயே, "அம்மா வரமாட்டார், காசைத் திருப்பித் தாருங்கள்" என்று அக்காவுக்கும் நிறுவனத்துக்கும் வாட்ஸ்அப்பில் போட்டேன். இந்தச் செய்தி பிறகு எங்களுக்கு எவ்வளவு உதவியது என்பதைக் கீழே சொல்கிறேன்.

நிறுவனத்தின் பதில்: "இரண்டு கிழமையில் எல்லாம் அடங்கிவிடும்."

குழுவின் வாட்ஸ்அப்பில் வந்த பதில்தான் அம்மாவை அழவைத்தது. ஆண்டவர் நடந்த மண்ணுக்குப் போகப் பயப்படுகிறவர்களுக்கு விசுவாசம் இல்லையாம். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. இது 2019 உயிர்த்த ஞாயிறு அன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, பிள்ளைகளை வரிசையாக அடக்கம் செய்த ஊர். அதற்கு முன்பு முப்பது வருட யுத்தத்தைப் பார்த்த ஊர். பயந்தால் விசுவாசம் இல்லை என்று எங்களிடம் யாரும் சொல்லக் கூடாது. இதை ஃபாதரிடம் போய்ச் சொன்னேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், போவதும் விடுவதும் அவரவர் மனசாட்சி, யாரும் யாரையும் வற்புறுத்த வேண்டாம் என்று அவர் அறிவித்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு நின்றது.

அப்புறம் நிறுவனம் புதிய திட்டம் ஒன்றை அனுப்பியது. இஸ்ரேலை விட்டுவிட்டு ஜோர்தானும் எகிப்தும் மட்டும், நாட்களும் விலையும் பழையபடி. பெத்லகேமும் எருசலேமும் இல்லாத பயணத்துக்கு அதே விலை! சிலர் ஓம் என்றார்கள். அக்டோபர் 27 அன்று எகிப்தின் தாபாவில் ட்ரோன் விழுந்து ஆட்கள் காயப்பட்டார்கள். எங்கள் நிரலில் இருந்த அதே தாபா. அம்மா தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, "மனே, வேணாம். காச மட்டும் எடுத்துத் தா" என்றார்.

இனிக் காசு எடுத்த பாடு.

முதலில் கடவுச்சீட்டைக் கையில் எடுங்கள். விசாவுக்கென்று எல்லோருடைய கடவுச்சீட்டும் நிறுவனத்திடம்தான் இருந்தது. கேட்டபோது, "கணக்கு முடிந்த பிறகு தருகிறோம்" என்றார்கள். கடவுச்சீட்டு அரசாங்கத்தின் சொத்து, தனியார் ஒருவர் அதைப் பிணையாகப் பிடித்துவைக்க முடியாது என்று எழுத்தில் அனுப்பினேன். அடுத்த கூரியரில் வந்து சேர்ந்தது. அது வெளியில் இருக்கும்வரை நாங்கள் ஒவ்வொரு சொல்லையும் யோசித்து யோசித்துத்தான் பேசவேண்டியிருந்தது.

அடுத்து அவர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள். ஆங்கிலத்தில் அரைப் பக்கம். "சொந்தக் காரணங்களால் நான் இந்தப் பயணத்திலிருந்து விலகிக்கொள்கிறேன், நிபந்தனைகளின்படி கழிவுகளை ஏற்றுக்கொள்கிறேன்" என்பதுதான் சாரம். கையெழுத்து வைத்தால் உடனே வேலை நடக்கும் என்று தொலைபேசியில் மிகவும் அன்பாகச் சொன்னார்கள். அம்மா பேனாவையும் எடுத்துவிட்டார். நான் நிபந்தனைப் பக்கத்தைத் தேடி வாசித்தேன். பயணி தானாக விலகினால், புறப்பட 30 நாளுக்கு மேல் இருக்கும்போது நிர்வாகச் செலவு மட்டும் கழியும். 30 நாளுக்குள் என்றால் பாதி போகும். 14 நாளுக்குள் என்றால் முழுவதும் போகும். நிறுவனம் பயணத்தை நடத்தாவிட்டால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். "சொந்தக் காரணம்" என்ற இரண்டு சொல்லில்தான் அம்மாவின் காசு முழுவதும் தொங்கியது. "அடங்கிவிடும், பொறுங்கள்" என்று இழுத்தடித்ததும் அந்த 30 நாள் கடக்கத்தான் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. நல்லவேளை, என் வாட்ஸ்அப் செய்தி அதற்கு முன்பே போயிருந்தது.

படிவத்தில் கையெழுத்து வைக்கவில்லை. பதிலுக்கு நாங்களே தமிழில் ஒரு கடிதமும் அதன் ஆங்கிலப் பிரதியும் எழுதினோம். கிட்டத்தட்ட இப்படி: "நீங்கள் விற்ற பயண நிரலில் இருந்த இஸ்ரேல் பகுதியை நீங்களே நீக்கியுள்ளீர்கள். மாற்றுப் பயணத்தை நான் ஏற்கவில்லை. பாதுகாப்புக் காரணத்தால் பணத்தைத் திருப்பித் தருமாறு அக்டோபரிலேயே அறிவித்தேன், அந்தச் செய்தியின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. கட்டிய பணத்தைத் திருப்பித் தரவும்." இஸ்ரேலுக்கு அத்தியாவசியம் இல்லாத பயணங்களைத் தவிர்க்கும்படி பிரித்தானிய வெளியுறவு அலுவலகம் விடுத்த அறிவித்தலையும் அச்சடித்து வைத்தேன். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மின்னஞ்சல் கிடைக்கவில்லை என்பார்கள். பதிவுத் தபாலை அப்படிச் சொல்ல முடியாது.

பிறகு கொழும்புக்கு வரச் சொன்னார்கள். நாளையும் அவர்களே குறித்தார்கள். இரவு பஸ் எடுத்து, விடியப் புறக்கோட்டையில் இறங்கி, கொட்டாஞ்சேனையில் சொந்தக்காரர் வீட்டில் முகம் கழுவிக்கொண்டு ஒன்பது மணிக்குப் போய் நின்றால், கணக்குப் பிரிவு மிஸ் லீவாம். முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்திருக்கிறேன் என்றேன். மேசையில் இருந்த பிள்ளை என் கோப்பை வாங்கிப் புரட்டினாள். அக்கா எழுதிக் கொடுத்த பற்றுச்சீட்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கொப்பித் தாளில், நீலப் பேனாவால், திகதியும் தொகையும் கையெழுத்தும் மட்டும். "இது எங்கட ரிசீட் இல்ல சேர். உங்கட அம்மா எங்களுக்குக் காசே தரேல்லயே."

அந்த இடத்தில் கால் நடுங்கியது. மேலாளரைக் கேட்டேன், அவரும் இல்லை. அன்றிரவே திரும்பிவந்தேன்.

அக்காவைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆனால் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இத்தனை பேரைச் சேர்த்தால் ஒருவருக்கு இடம் இலவசம் என்பது இந்தத் தொழிலில் வழக்கம். ஒருவர் விலகினால் எண்ணிக்கை குறையும், ஆள் சேர்த்தவரின் இலவச இடமும் போகும். அதனால்தான் முதலில் அக்கா எங்களுக்கு முகம் கொடுக்கவில்லை. பிறகு அம்மாவே நேரில் போய்ப் பேசினார். அக்கா வங்கியில் வைப்பிட்ட சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தார். மொத்தமாகப் போட்ட காசில் அம்மாவின் பங்கு எவ்வளவு என்று கடிதமும் எழுதித் தந்தார். அது இல்லாவிட்டால் நாங்கள் இன்றும் வீதியில்தான் நின்றிருப்போம். இனிப் பெயர் கொடுப்பவர்கள் ஒவ்வொரு தவணைக்கும் நிறுவனத்தின் இலக்கமிட்ட பற்றுச்சீட்டை உங்கள் பெயரிலேயே கேளுங்கள்.

சரி, பற்றுச்சீட்டுக் கதை அடைபட்டதும் அடுத்த கதை தொடங்கியது. "ரிக்கெட் அடித்தாயிற்று, விமான நிறுவனம் ஒரு சதமும் திருப்பித் தராது." கல்முனையில் ரிக்கெட் போடும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "ரிக்கெட் நம்பரைக் கேள்" என்றார். கேட்டேன். எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் ஆறு இடம் கொண்ட ஒன்றை அனுப்பினார்கள். நண்பர் பார்த்தார். அது வெறும் முன்பதிவுக் குறியீடு. ரிக்கெட் உண்மையாகவே அடித்திருந்தால் 13 இலக்க எண் ஒன்று இருக்கும், அதன் முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தைக் குறிக்கும். குழுவாகப் போகும்போது முற்பணம் கட்டி இருக்கைகளைப் பிடித்துவைத்து, பெயர் போட்டு ரிக்கெட் அடிப்பது பிற்பாடுதான். அடித்திருந்தாலும் விமான நிறுவனமே சேவையை ரத்துச் செய்தால் பணம் திரும்ப வரும். "13 இலக்க ரிக்கெட் எண்ணைத் தயவுசெய்து தரவும்" என்று ஒரே வரியில் எழுதினேன். பதில் இல்லை. திரும்பவும் எழுதினேன். பிறகு ரிக்கெட் பற்றிய பேச்சே அவர்கள் வாயில் வரவில்லை. இந்த முழுப் போராட்டத்திலும் நான் மனதாரச் சந்தோஷப்பட்ட இடம் அது.

பயணக் காப்புறுதியை நம்ப வேண்டாம். போர் விலக்கப்பட்டது என்று பத்திரத்திலேயே இருக்கிறது. பயத்தால் போகாமல் விட்டாலும் தரமாட்டார்கள்.

நவம்பரில் மட்டக்களப்புக் கோட்டைக்குள் இருந்த கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போய்ப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை உத்தியோகத்தரைச் சந்தித்தேன். 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம், ஆனால் எழுத்தில் கொடுத்தால்தான் கோப்புத் திறக்கும். அவர் முதலில் கேட்டது கடைசித் தவணை கட்டிய திகதியை. முறைப்பாடு மூன்று மாதத்துக்குள் வரவேண்டும் என்பது சட்டம். எங்களுடையது செப்டெம்பரில் கட்டியது, தப்பினோம். தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன். ஒரு பிரதியைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைக்கும் அனுப்பினேன், பயண நிறுவனங்கள் அங்கேதான் பதிவு செய்கின்றன. இரண்டு முகவரியும் கீழே தெரியும்படி நிறுவனத்துக்கும் ஒன்று போனது.

அதுவரை நான் அழைத்தால் எடுக்காதவர்கள் தாங்களாகவே அழைத்தார்கள். அதுவரை "தம்பி", அன்றிலிருந்து "சேர்".

கழிக்கப்போகிறோம் என்று பெரிய பட்டியல் ஒன்று வந்தது. ஒவ்வொன்றுக்கும் பில் கேட்டேன். எகிப்து விசாவுக்கும் ஒரு வங்கிக் கட்டணத்துக்கும் மட்டும் காட்டினார்கள். அவை இரண்டையும் ஏற்றுக்கொண்டோம், மற்றவை பட்டியலிலிருந்து மறைந்தன.

காசோலை வந்தது. அதுவும் மாறவில்லை! காசோலையில் கடவுச்சீட்டில் உள்ள முழுப் பெயர், அம்மாவின் வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்தோடு அப்பாவின் பெயர் சேர்ந்த பெயர். கணக்கில் மட்டுமே வைப்பிடலாம் என்று கோடு கிழித்த காசோலை, வங்கி மறுத்தது. கிராம சேவகரிடம் கடிதம், பிறகு சமாதான நீதவானிடம் இரண்டு பெயரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி, அடையாள அட்டையின் போட்டோக்கொப்பி, திரும்பவும் வங்கி. காசோலை எழுத முன்பே உங்கள் வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கத்தை அனுப்பி, அதில் உள்ளபடியே பெயர் எழுதச் சொல்லுங்கள். இந்த அலைச்சல் மிச்சம்.

பெரியம்மா காசைத் திருப்பிக் கேட்கவில்லை. சாகுமுன் எருசலேமில் இயேசுவின் கல்லறைக் கோயிலைத் தொடவேண்டும் என்ற ஆசை அவருக்கு. 2024 ஏப்ரல் கடைசிக்குப் பயணத்தைப் பின்போட்டவர்களோடு சேர்ந்துகொண்டார். ஏப்ரல் 13 இரவு ஈரான் முந்நூறுக்கு மேற்பட்ட ட்ரோன்களும் ஏவுகணைகளும் ஏவ, இஸ்ரேலும் ஜோர்தானும் வான்வெளியை மூடின. அந்தப் பயணமும் நின்றது. இப்போது காசைக் கேட்டால், "உங்கள் பணம் எங்கள் கணக்கில் வரவாக இருக்கிறது, அடுத்த குழுவில் வாருங்கள்" என்கிறார்கள். எப்போது என்று திகதி இல்லை, விலை கூடுமாம்.

பெரியம்மாவுக்கு அந்த மூன்று மாதம் கடந்துவிட்டது. அதனால் மத்தியஸ்த சபைக்குப் போகிறோம். காசு கைமாறியது இங்கே என்பதால் இங்குள்ள சபையிலேயே விண்ணப்பிக்கலாம். சட்டத்தரணி தேவையில்லை, அங்கே அவர்கள் ஆஜராகவும் முடியாது. சபை தீர்ப்புச் சொல்லாது, இரண்டு பக்கமும் இணங்கினால்தான் முடிவு. இணங்காவிட்டால் தரும் சான்றிதழோடு நீதிமன்றம் போகலாம். வரும் சனிக்கிழமை விண்ணப்பம் கொடுக்கிறோம். அக்காவும் வருகிறேன் என்றிருக்கிறார், வங்கிச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு. அவருடைய காசும் அங்கேதான் மாட்டிக் கிடக்கிறது.